தொழிலைப் பற்றி எழுதுபவர்களுக்கான சமூக ஊடகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கு, கற்பித்தல், வடிவமைப்பு என ஏதோ ஒரு தொழிலில் இருந்துகொண்டு, அந்தத் தொழிலைப் பற்றியே எழுதவும் பேசவும் நினைப்பவர்களுக்காக எழுதியது இது. பொழுதுபோக்குக்காகக் கணக்கு நடத்துபவர்களுக்கு இதில் பாதி பொருந்தாது.

எத்தனை ஃபாலோயர்கள் இருந்தால் போதும்?

உங்களிடம் வேலை கொடுக்கக்கூடியவர்கள், உங்களைப் பிறருக்குச் சொல்லக்கூடியவர்கள், உங்கள் துறையிலேயே இருப்பவர்கள் ஆகிய மூன்று வகையினரும் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். வரி ஆலோசகர் ஒருவரை 600 பேர் பின்தொடர்கிறார்கள், அவர்களில் 200 பேர் சிறுதொழில் நடத்துபவர்கள் என்றால் அவருடைய கணக்கு நன்றாக நடக்கிறது என்று அர்த்தம். அதே ஆலோசகர் ஒரு சினிமா சர்ச்சையைப் பற்றி எழுதி ஒரே வாரத்தில் 20,000 பேரைச் சேர்த்தால், அடுத்த வாரம் வரியைப் பற்றி எழுதும்போது அந்த 20,000 பேரும் கடந்துபோய்விடுவார்கள். அப்படிக் கடந்துபோவதைத் தளமும் கவனிக்கும். இவருடைய பதிவை யாரும் நின்று படிப்பதில்லை என்று முடிவுகட்டி, அடுத்தடுத்த பதிவுகளை இன்னும் குறைவான பேருக்கே காட்டும். ஆக, தவறான கூட்டம் சேர்வது உபயோகமில்லாதது மட்டுமில்லை, சரியான வாசகர்களிடம் போய்ச் சேர்வதையும் கெடுத்துவிடும்.

ஈடுபாட்டை எப்படிக் கணக்கிடுவது?

லைக், கமென்ட், ஷேர் எல்லாவற்றையும் கூட்டி, பதிவைப் பார்த்தவர்களின் எண்ணிக்கையால் வகுத்து 100-ஆல் பெருக்குங்கள். 1,000 பேர் பார்த்த பதிவுக்கு 18 லைக், 7 கமென்ட், 5 ஷேர் வந்தால் மொத்தம் 30, அதாவது 3 சதவீதம். இதை உங்களுடைய போன மாதக் கணக்கோடு மட்டும் ஒப்பிடுங்கள். வேறொருவருடைய சதவீதம் அவருடைய துறை, தளம், கூட்டத்தின் அளவு ஆகியவற்றைப் பொறுத்தது.

இந்தக் கணக்கில் ஒரு பெரிய குறை உண்டு. லைக்கும் கமென்ட்டும் ஒரே மதிப்பில் கூட்டப்படுகின்றன, ஆனால் தளங்கள் அப்படிப் பார்ப்பதில்லை. 2023-ல் ட்விட்டர், அதாவது இன்றைய எக்ஸ், தன் பரிந்துரை நிரலைப் பொதுவில் வெளியிட்டது. ஒரு பதிவை உங்களுக்குக் காட்டலாமா என்று முடிவுசெய்ய, அதற்கு நீங்கள் எப்படி வினையாற்றுவீர்கள் என்று அது கணிக்கும். ஒவ்வொரு வினைக்கும் ஒரு எடை உண்டு. அன்றைய எடைகள்: லைக்குக்கு 0.5, ரீட்வீட்டுக்கு 1, பதில் எழுதினால் 13.5. வாசகர் எழுதிய பதிலுக்குப் பதிவிட்டவரும் வினையாற்றினால் 75. 'இது எனக்கு வேண்டாம்' என்று ஒதுக்கினாலோ முடக்கினாலோ மைனஸ் 74, புகார் செய்தால் மைனஸ் 369.

எடைகள் தளத்துக்குத் தளம் மாறும், காலத்துக்குக் காலம் மாறும். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். லைக்கைப்போல 150 மடங்கு எடை பெற்றது எது? வாசகர் ஒன்று சொல்ல, எழுதியவர் அதைக் கண்டுகொள்வது. நானும் எப்போதும் இதைத்தான் வலியுறுத்துகிறேன். பதிவு போடுவது பாதி வேலைதான். மீதிப் பாதி பதிவுக்குக் கீழே நடக்கிறது.

என் பதிவுகளுக்கு லைக்கே வருவதில்லை. யாரும் படிக்கவில்லையா?

படித்துக்கொண்டிருக்கலாம். இணையக் குழுக்களில் 90 பேர் வெறுமனே படிப்பார்கள், 9 பேர் எப்போதாவது பங்கேற்பார்கள், ஒருவர்தான் தொடர்ந்து எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2006-ல் எழுதினார். இது தோராயமான விதிதான் என்றாலும் அனுபவத்தோடு ஒத்துப்போகிறது.

தொழில் சார்ந்த கணக்குகளில் இந்த மௌனம் இன்னும் அதிகமாக இருக்கும், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. கடனை அடைக்க முடியாமல் தவிப்பவர், திவால் சட்டத்தை விளக்கும் பதிவுக்கு லைக் போடமாட்டார். போட்டால் மாமனாருக்கும் மேலதிகாரிக்கும் தெரிந்துவிடும். மனச்சோர்வு, விவாகரத்து, வேலை மாற்றம், குழந்தையின்மை என்று எதை எடுத்துக்கொண்டாலும் இதே கதைதான். உங்கள் எழுத்து யாருக்கு அதிகம் தேவையோ, அவர்தான் சத்தம் காட்டாமல் படிப்பார். அதனால் சேமித்தவர்களின் எண்ணிக்கை, தனிச்செய்தியில் வரும் கேள்விகள், ப்ரொஃபைலைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை ஆகியவற்றையும் குறித்துவையுங்கள். புதிதாக வருகிற ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் 'எங்களை எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். எந்தப் புள்ளிவிவரப் பலகையும் காட்டாத விவரம் அந்தப் பதிலில் கிடைக்கும்.

எந்தத் தளத்தில் தொடங்குவது?

உங்கள் வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே எங்கே கேள்வி கேட்டுக்கொண்டிருக்கிறார்களோ அங்கே. நிறுவனங்களோடு வேலை செய்பவர்களுக்கு லிங்க்ட்இன். கண்ணால் பார்த்து மதிப்பிடக்கூடிய வேலை என்றால் இன்ஸ்டாகிராம். விளக்கிச் சொல்ல வேண்டிய துறைகளுக்கு யூடியூப் மிக நல்லது, ஏனென்றால் அங்கே மக்கள் தேடி வருகிறார்கள். இரண்டு வருடத்துக்கு முன் போட்ட காணொளிகூட இன்று புதிய ஆளைக் கொண்டுவரும். லிங்க்ட்இன் பதிவு சில நாட்களில் மூழ்கிவிடும். பத்திரிகையாளர்களும் துறை நிபுணர்களும் வேண்டும் என்றால் எக்ஸையும் பார்க்கலாம்.

ஒன்றே போதும். அங்கே உங்களுக்கென்று தொடர்ந்து வருகிற முகங்கள் தெரிய ஆரம்பித்த பிறகு இரண்டாவதைப் பற்றி யோசியுங்கள்.

ப்ரொஃபைலில் என்ன எழுதுவது?

யாருக்கு, என்ன செய்து தருகிறீர்கள் என்று எழுதுங்கள். லிங்க்ட்இன் தலைப்புவரிக்கு 220 எழுத்துக்குறிகள் தருகிறது. 'தொலைநோக்காளர், மாற்றத்தின் தூதர், வாழ்நாள் மாணவர்' என்று அதை நிரப்பினால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. 'முதல்முறை வீடு கட்டுபவர்களுக்குக் கட்டுமான ஒப்பந்தங்களைச் சரிபார்த்துத் தரும் வழக்கறிஞர்' என்றால் தேவையுள்ளவர் அங்கேயே நின்றுவிடுவார். உங்கள் முகம் தெளிவாகத் தெரியும் படம் ஒன்று, தொடர்புகொள்ள ஒரே ஒரு வழி. ஐந்து வழி கொடுத்தால் எதில் வருவது என்று குழம்பிப் போய்விடுவார்கள்.

என்ன எழுதுவது என்றே தெரியவில்லை.

எழுத விஷயம் இல்லாத தொழில்முறையாளரை நான் பார்த்ததில்லை. தினமும் உங்களிடம் கேள்வி கேட்கிறார்கள், நீங்களும் பதில் சொல்கிறீர்கள். அதைக் குறித்துவைக்கும் பழக்கம்தான் இல்லை. அலைபேசியில் ஒரு குறிப்பேட்டைத் திறந்து, யார் என்ன கேட்டாலும் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே எழுதிவையுங்கள். அவர்களுடைய வார்த்தைகள் முக்கியம், ஏனென்றால் தேடும்போதும் அவர்கள் அதைத்தான் தட்டச்சு செய்வார்கள்.

ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். இயன்முறை மருத்துவர் ஒருவர் அக்டோபர் 16 அன்று இப்படி ஒரு பதிவு போடுகிறார்: 'இன்று உலக முதுகெலும்பு தினம். முதுகெலும்பைப் பேணுவோம், ஆரோக்கியமாக வாழ்வோம்.' பூங்கொத்துப் படம் ஒன்று. சக மருத்துவர்கள் நாலு பேர் கைகூப்புவார்கள், அதோடு முடிந்தது.

அதே மருத்துவர், நோயாளி ஒருவர் கேட்டதிலிருந்து தொடங்கினால்:

'முதுகு பிடித்துக்கொண்டது, எத்தனை நாள் படுத்திருக்கணும் என்று வாரம் ஒருவராவது கேட்கிறார்கள். சாதாரண முதுகுவலிக்குப் படுத்தே கிடக்கத் தேவையில்லை. வலி தாங்கும் அளவுக்கு நடமாடுங்கள், பெரும்பாலும் அதுதான் சீக்கிரம் தேறும் வழி. ஆனால் வலியோடு சேர்ந்து சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ, கழிக்கவே முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ காத்திருக்காதீர்கள். உடனே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.'

நீளத்தில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால் இரண்டாவதைப் படித்தவர் அதை முதுகுவலியுள்ள அண்ணனுக்கு அனுப்புவார். அடுத்த தடவை அவருக்கே வலி வந்தால் யாரைத் தேடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பதிவு பரவலாக நம்பப்படும் ஒன்றைத் திருத்துகிறது, எப்போது பயப்பட வேண்டும் என்ற எல்லையையும் காட்டுகிறது. அந்த எல்லையை நூற்றுக்கணக்கான முதுகுகளைப் பார்த்த ஒருவர்தான் தயக்கமில்லாமல் சொல்ல முடியும். உங்கள் துறையிலும் அப்படிப்பட்ட எல்லைகள் இருக்கும். எந்த விரிசலுக்குப் பூசினால் போதும், எந்த விரிசலுக்குப் பொறியாளரைக் கூப்பிட வேண்டும்? எந்த ஒப்பந்த வரியைப் படிக்காமல் கையெழுத்துப் போடக்கூடாது? இவற்றிலிருந்து தொடங்குங்கள்.

எல்லாவற்றையும் இலவசமாகச் சொல்லிவிட்டால் எனக்கு யார் காசு கொடுப்பார்கள்?

தகவலுக்காக யாரும் உங்களிடம் வருவதில்லை, தகவல் எங்கும் கிடைக்கிறது. தன்னுடைய நிலைமைக்கு அது எப்படிப் பொருந்தும் என்று தெரியாமல்தான் வருகிறார்கள். பொதுவான விளக்கத்தைத் தாராளமாகக் கொடுங்கள். ஒருவருடைய ஆவணங்களைப் பார்த்து, பொறுப்பேற்றுச் சொல்லும் முடிவுக்குக் கட்டணம் வாங்குங்கள். தனிச்செய்தியில் முழு ஆலோசனை கேட்பவர்களிடம் 'இதை உங்கள் ஆவணங்களைப் பார்க்காமல் சொல்வது சரியாக இருக்காது, நேரம் குறித்துப் பேசலாம்' என்று சொல்வது கடுமையும் இல்லை, கஞ்சத்தனமும் இல்லை. பார்க்காமல் சொல்வதுதான் ஆபத்து.

முதல் வரி அவ்வளவு முக்கியமா?

ஆமாம். லிங்க்ட்இனில் ஒரு பதிவுக்கு 3,000 எழுத்துக்குறிகள் வரை இடம் உண்டு, ஆனால் முதலில் சில வரிகள்தான் தெரியும். மற்றதைப் படிக்கத் தட்ட வேண்டும். அந்தச் சில வரிகளை 'அனைவருக்கும் வணக்கம், நீண்ட நாட்களுக்குப் பிறகு ஒரு பதிவு' என்று செலவழித்துவிட்டால் தட்டுவதற்குக் காரணமே இருக்காது. கேள்வியோடு தொடங்குங்கள், அல்லது முடிவையே முதலில் சொல்லிவிடுங்கள்.

தமிழில் எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொம்பும் புள்ளியும் தனித்தனிக் குறிகளாக எண்ணப்படுகின்றன. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து, எக்ஸின் கணக்கில் ஐந்து. 2017-ல் 140 குறிகளிலிருந்து 280 ஆக உயர்ந்த எக்ஸின் பதிவு வரம்பு, கட்டணம் செலுத்தாத கணக்குகளில் தமிழ் வாக்கியங்களுக்குச் சீக்கிரமே தீர்ந்துவிடும். சுருக்கி எழுதுங்கள், அல்லது தொடர் பதிவாகப் பிரியுங்கள்.

தமிழில் எழுதுவதா, ஆங்கிலத்திலா?

உங்களிடம் எந்த மொழியில் சந்தேகம் கேட்கிறார்களோ அந்த மொழியில். துறைச்சொற்களை வாடிக்கையாளர் சொல்கிறபடியே எழுதுங்கள். அகராதிச் சொல்லைத்தான் போட வேண்டும் என்று நினைத்தால், பழக்கமான சொல்லையும் கூடவே ஒருமுறை சொல்லிவிடுங்கள்.

வாரத்துக்கு எத்தனை பதிவு?

ஒரு வருடம் விடாமல் செய்ய முடிகிற அளவு. பலருக்கு அது இரண்டு. முதல் மாதம் தினமும் எழுதி, இரண்டாம் மாதம் காணாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

கமென்ட்டுகளுக்கு எல்லாம் பதில் சொல்ல வேண்டுமா?

தொடக்கத்தில், ஆம், எல்லாவற்றுக்கும். பதிவிட்டுவிட்டு ஓடிவிடாதீர்கள். அடுத்த ஒரு மணி நேரம் கையில் இருக்கும்போது பதிவிடுவது நல்லது.

எப்படிப் பதில் சொல்வது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். 'எங்கள் கட்டடத்துக்கு வயது 15, கூரையில் ஈரம் தெரிகிறது' என்று ஒருவர் எழுதினால், 'நன்றி' என்பது பதிலாகாது. 'மழைக்குப் பிறகு மட்டும் தெரிகிறதா, எப்போதும் இருக்கிறதா? மேலே குளியலறை இருக்கிறதா?' என்று கேளுங்கள். அவர் பதில் சொல்வார், படித்துக்கொண்டிருக்கும் மற்றவர்களும் தங்கள் வீட்டுக் கூரையை நிமிர்ந்து பார்ப்பார்கள். ஒரு பொறியாளர் எப்படி யோசிக்கிறார் என்று அந்த இரண்டு கேள்விகளில் தெரிந்துவிடுகிறது. இப்படிப்பட்ட உரையாடல் பல நேரங்களில் மூலப் பதிவைவிட நன்றாக இருக்கும். அதையே எடுத்து அடுத்த பதிவாக எழுதலாம், கேட்டவருக்கு நன்றி சொல்லி.

'நல்ல பதிவு' என்று மட்டும் எழுதுபவர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள். முதல்முறை கமென்ட் போடுபவருக்கு அது ஒரு துணிச்சல். கண்டுகொள்ளப்பட்டால் அடுத்தமுறை கேள்வியோடு வருவார்.

புதிய கணக்குகளுக்கு நான் முதலில் சொல்லும் வேலை வேறொருவருடைய பதிவுக்குக் கீழே எழுதுவதுதான். 40 ஃபாலோயர்கள் உள்ள கணக்கில் அருமையாக எழுதினாலும் பார்க்க ஆள் இல்லை. உங்கள் துறையில் ஏற்கெனவே வாசகர்கள் உள்ள பத்துப் பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்கள் பதிவுகளில் உங்களுக்குத் தெரிந்ததைச் சேர்த்து எழுதுங்கள். 'சரியாகச் சொன்னீர்கள் சார்' என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 'நீங்கள் சொன்னது வாடகை ஒப்பந்தத்துக்குப் பொருந்தும், குத்தகைக்கு இந்த ஒரு இடத்தில் மாறும்' என்று விளக்கி எழுதினால், படிப்பவர்கள் யார் இவர் என்று ப்ரொஃபைலைத் திறப்பார்கள்.

ரீல்ஸ் போட்டே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. கேமரா முன் பேசுவது இயல்பாக வருகிறது, அல்லது உங்கள் வேலையே பார்க்கத்தக்கது என்றால் போடுங்கள். பார்க்கும் நேரம், லைக், பிறருக்கு அனுப்புதல் ஆகிய மூன்றும்தான் முக்கியமான அளவுகோல்கள் என்று இன்ஸ்டாகிராம் தலைவர் ஆடம் மொசேரி 2025 ஜனவரியில் சொன்னார். புதியவர்களிடம் போய்ச் சேர்வதற்கு அனுப்புதல் அதிகம் உதவும் என்றும் சொன்னார். முதுகுவலி உதாரணத்தில் அண்ணனுக்கு அனுப்பியது இதுதான். நடனமோ ஓடுகிற பாட்டோ தேவையில்லை, இதை யாருக்கு அனுப்புவார்கள் என்ற கேள்விக்குப் பதில் இருந்தால் போதும். பேசுவதை எழுத்தில் காட்டும் வரிகளை (சப்டைட்டில்) மறக்காமல் சேருங்கள். பலர் ஒலியை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள், காது கேளாதவர்களுக்கோ அது ஒன்றுதான் வழி.

ஹேஷ்டேக், பதிவிடும் நேரம்?

துறையைக் குறிக்கும் இரண்டு மூன்று ஹேஷ்டேக் போதும். நேரத்தை உங்கள் கணக்கின் புள்ளிவிவரமே காட்டும். இவற்றில் மண்டையை உடைத்துக்கொள்ளாதீர்கள்.

அல்காரிதம் மாறிவிட்டது, ரீச் சரிந்துவிட்டது. என்ன செய்வது?

எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று தளம் முடிவுசெய்யும் முறைதான் அல்காரிதம், அது மாறிக்கொண்டேதான் இருக்கும். யூடியூப் 2012-ல் பார்வை எண்ணிக்கையை விட்டுப் பார்க்கும் நேரத்தை முதன்மையாக்கியது. இன்ஸ்டாகிராம் 2016-ல் நேர வரிசையைக் கைவிட்டது. ஃபேஸ்புக் 2018 ஜனவரியில் நண்பர்கள், குடும்பத்தினர் பதிவுகளை முன்னால் கொண்டுவரப்போவதாக அறிவித்தது, பக்கங்கள் நடத்தியவர்கள் பலர் தவித்துப்போனார்கள். குறுங்காணொளித் தளமான வைன் இப்போது இல்லை. கூகுளின் சமூக வலைத்தளமான கூகுள் பிளஸ் 2019-ல் பொதுமக்களுக்கு மூடப்பட்டது. அங்கே வருடக்கணக்கில் சேர்த்த வாசகர்களை யாரும் வேறு தளத்துக்குத் தூக்கிக்கொண்டு போக முடியவில்லை.

எனவே தளத்துக்கு வெளியே ஒரு பட்டியலை இப்போதே தொடங்குங்கள். மின்னஞ்சல் மடல் மாதம் ஒன்று போதும். 50 பேர் தாங்களாகவே முகவரி கொடுத்த பட்டியல் இருந்தால், எந்தத் தளம் எப்படி மாறினாலும் அந்த 50 பேரிடம் பேச முடியும்.

ஃபாலோயர்களை விலைக்கு வாங்கலாமா?

வேண்டாம். அவை படிக்காத கணக்குகள். பதிவைச் சோதித்துப் பார்க்கத் தளம் அவர்களிடம் காட்டும்போது ஒருவரும் அசையமாட்டார்கள், பதிவு அங்கேயே நின்றுவிடும். ஒருவருக்கொருவர் லைக் போட்டுக்கொள்ளும் குழுக்களும் அப்படித்தான். பல் மருத்துவரின் பதிவை நிலத் தரகர்கள் இருபது பேர் பாராட்டினால், தளம் அதை இன்னும் நிறைய நிலத் தரகர்களிடம் கொண்டுபோகும்.

வாடிக்கையாளர்களின் கதைகளை எழுதலாமா?

மிகுந்த கவனத்தோடு. பெயரை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். வயது, வேலை, ஊர், நோய் நான்கையும் சேர்த்தால் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சம்பந்தப்பட்டவரே படித்து 'இது நான்தானே' என்று வருந்தினால் அதுவே போதும், நம்பிக்கை போய்விடும். எழுத்தில் அனுமதி வாங்குங்கள், எழுதியதைக் காட்டிவிட்டு வெளியிடுங்கள். அனுமதி கேட்பதே அவரைச் சங்கடப்படுத்தும் என்றால், அந்தக் கதையை விட்டுவிடுங்கள். உரையாடல்களின் ஸ்க்ரீன்ஷாட்டைப் போடவே போடாதீர்கள்.

மருத்துவர்களும் வழக்கறிஞர்களும் விளம்பரம் செய்வதற்குப் பல நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. உங்கள் தொழில் மன்றத்தின் விதிகளை முதல் பதிவுக்கு முன்பே படித்துவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பற்றிப் பேசினால், அதைப் பதிவின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

மோசமான கமென்ட்டுகளை என்ன செய்வது?

திருத்துபவரையும் திட்டுபவரையும் பிரித்துப் பாருங்கள். ஒருவர் தகவல் பிழையைச் சுட்டினால் சரிபார்த்து, பதிவின் மேலேயே தேதியோடு திருத்தம் போட்டு, அவருக்கு நன்றி சொல்லுங்கள். தொழில்முறையாளருக்கு அதனால் மரியாதை கூடத்தான் செய்யும். கோபமாகவே எழுதினாலும் விஷயம் இருந்தால் விஷயத்துக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். வெறும் வசை என்றால் தயங்காமல் முடக்குங்கள். உங்கள் வாசகர்களையும் அவர் திட்ட ஆரம்பித்தால் நீக்கியே ஆக வேண்டும், அந்த இடத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு.

செயற்கை நுண்ணறிவை வைத்து எழுதலாமா?

எழுத்துப் பிழை பார்க்கவும் நீண்ட பேச்சைச் சுருக்கவும் பயன்படுத்துங்கள். கருத்தையே அதனிடம் கேட்டால், எல்லோருக்கும் சொல்லும் அதே பொதுவான பதிலைத்தான் உங்களுக்கும் தரும். வாசகர் உங்களிடம் வந்தது உங்கள் கையில் வந்த நோயாளிகளையும் வழக்குகளையும் பார்த்து நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ள. கமென்ட்டுகளுக்குப் பதில் எழுத மட்டும் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். ஒருவர் தன் கவலையைச் சொல்லும்போது எதிரில் ஆள் இருக்க வேண்டும்.

அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். கணக்கு யாருடையது?

உங்கள் பெயரில், சொந்த மின்னஞ்சலில், சொந்த எண்ணில் தொடங்கினால் வேலை மாறும்போது சிக்கல் குறையும். நிறுவன மின்னஞ்சலில் தொடங்கியிருந்தால், அங்கிருந்து விலகுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், பிறகு உள்ளே நுழைய முடியாமல் போகலாம். பணி ஒப்பந்தத்தில் சமூக ஊடகம் பற்றிய பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் எதை எழுதலாம் என்று மனிதவளத் துறையிடம் மின்னஞ்சலில் கேட்டு, வந்த பதிலைச் சேமித்துவையுங்கள்.